ரூபாய் விழும்போது விழுபவர் யார்?

ரூபாயின் மதிப்பு குறைந்தால் கவலைப்பட வேண்டியவர்கள் பிள்ளைகளை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்புகிற பணக்காரர்கள்தான், கூலிக்காரருக்கும் டாலருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ரூபாய் விழுந்தால் ஏற்றுமதி பெருகும், ஏற்றுமதி பெருகினால் வேலை பெருகும், ஆகவே விழட்டும் என்று உபதேசம் செய்கிற நிபுணர்களும் இருக்கிறார்கள். இவ்விரு கூட்டத்தாருக்கும் அப்பால் மூன்றாவது கூட்டம் ஒன்று, காடுகோடியிலும் பட்டந்தூர் அக்ரஹாரத்திலும் நாம் குடியிருக்கும் சந்துகளுக்குள் கைபேசி வழியாகவே நுழைந்துவிட்டது. "ரூபாய் இறங்குகிறது, ஐ.டி. பங்கை வாங்கு, ரூபாய் ஏறுகிறது, விற்றுவிடு, டாலர் மேலேயே பணத்தைக் கட்டு, மாதத்தில் இரட்டிப்பு" என்பது இவர்கள் ஓதும் மந்திரம்.

மூன்று பேச்சுக்கும் பொதுவான ஒரு தந்திரம் உண்டு. யாருடைய வருமானம் எந்த நாணயத்தில் வருகிறது என்ற கேள்வியை மூன்றும் மூடி மறைக்கின்றன. அந்தக் கேள்வியைத் திறந்து வைப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

ஒரு டாலர் பில்லின் கதை

நாம் வாழும் வைட்ஃபீல்டையே எடுத்துக்கொள்வோம். கர்நாடக அரசும் டாட்டாவும் சிங்கப்பூர்க் கம்பெனிகளும் கூட்டுச் சேர்ந்து 1990-களில் எழுப்பிய ஐ.டி.பி.எல். வளாகம் தொடங்கி, அதைச் சுற்றி முளைத்த கண்ணாடிக் கட்டிடங்கள் வரையில், உள்ளே நடக்கும் வேலையில் பெரும்பகுதிக்குப் பில் போடப்படுவது டாலரில். 2007 இறுதியில் ஒரு டாலர் பில்லுக்குக் கம்பெனிக்குக் கிடைத்தது ஏறத்தாழ 39 ரூபாய். 2013 ஆகஸ்டு 28-ல் அதே ஒரு டாலருக்கு 68 ரூபாய்க்கு மேல் கிடைத்தது. 2025 டிசம்பரில் 90 ரூபாயையும் தாண்டியது.

வருமானம் டாலரில். செலவில் பெரும்பகுதி, அதாவது இங்குள்ள சம்பளம், மின்சாரம், காவல், துப்புரவு, கேன்டீன் எல்லாம் ரூபாயில். ரூபாய் சரிந்தால் இடையில் நிற்கும் லாபம் தடிக்கிறது. லாபம் தடிக்கும் என்ற எதிர்பார்ப்பிலேயே பங்கின் விலை ஏறுகிறது. வருங்கால டாலரை இன்றைய விலைக்கே முன்கூட்டி விற்று வைத்திருக்கிற கம்பெனிக்கு இந்த ஆதாயம் சற்றுக் குறையும். அமெரிக்காவில் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிற கம்பெனிக்கும் குறையும். ஆனாலும் போக்கு இதுதான்.

இப்போது அதே கட்டிடத்தின் பின்வாசலுக்கு வருவோம். கழிப்பறை கழுவும் நம் சகோதரிக்கும், வாயிலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் காவலாளிக்கும், கேன்டீனில் பாத்திரம் துலக்கும் தம்பிக்கும் கூலி ரூபாயில். அதுவும் காண்டிராக்டர் போட்ட டெண்டருக்குள் அடங்கிய ரூபாயில். ரூபாயின் சரிவு இவர்களிடம் வேறு வாசல் வழியாக வருகிறது. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் பாமாயிலுக்கும் டாலரில்தான் விலை. காஸ் சிலிண்டரும் இதே கணக்குத்தான். லாரி வாடகை ஏறினால் ஹோசூரிலிருந்து வரும் தக்காளியும் ஏறுகிறது.

பங்கின் விலை அதே நிமிடத்தில் தன்னைத் திருத்திக்கொள்கிறது. கர்நாடகத்தில் குறைந்தபட்சக் கூலியோடு சேர்ந்த பஞ்சப்படியோ ஆண்டுக்கு ஒரு முறை, ஏப்ரல் 1-ல்தான் திருத்தப்படுகிறது. இந்த இடைவெளியில் கரைந்து போவது யாருடைய பணம்?

ஏறினாலும் இறங்கினாலும்

அப்படியானால் ரூபாய் வலுவாக இருந்தால் நமக்கு நல்லதா என்று கேட்கலாம். அதையும் பார்த்துவிட்டோம்.

2007-ஆம் ஆண்டு தொடக்கத்தில் டாலருக்கு 44 ரூபாயாக இருந்தது, ஆண்டு முடிவில் 39 ஆயிற்று. வெளிநாட்டுப் பணம் பம்பாய்ப் பங்கு மார்க்கெட்டுக்குள் வெள்ளமாகப் பாய்ந்ததே இதற்கு முக்கியக் காரணம். சென்செக்ஸ் 13,800 அளவிலிருந்து 20,000-ஐத் தாண்டியது. பத்திரிகைகள் கொண்டாடின. அதே ஆண்டில் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகள் கதறின. டாலரில் ஒப்புக்கொண்ட ஆர்டருக்கு ரூபாய் குறைவாகக் கிடைத்ததால் லாபம் வற்றியது. ஐ.டி. பங்குகளும் இறங்கின. வலுவான ரூபாய் மார்க்கெட்டை உயர்த்திற்று, ஏற்றுமதித் தொழிலாளியின் ஓவர்டைமை வெட்டிற்று.

2013-ல் காற்று திசை மாறியது. அந்த ஆண்டு மே 22-ல் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, தாராளமாகப் பணம் இறக்குவதைக் குறைக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான், வெளிநாட்டு முதலீட்டாளர் மூட்டை கட்டினார். மே தொடக்கத்தில் 54-ஐ ஒட்டியிருந்த டாலர் ஆகஸ்டு இறுதியில் 68-ஐத் தாண்டியது. 20,000-க்கு மேல் இருந்த சென்செக்ஸ் 18,000 அளவுக்கு இறங்கியது. ஆனால் ஐ.டி. பங்குகள் அந்த ஆண்டில் ஏறின. ரூபாயைத் தாங்கிப் பிடிக்க ரிசர்வ் வங்கி ஜூலையில் வங்கிகளுக்கான அவசரக் கடன் வட்டியை 10.25 சதவீதமாக உயர்த்தியது. எங்கோ ஒருவர் பேசிய பேச்சுக்கு, இங்கே கடன் வாங்குபவர் வட்டி கட்ட வேண்டியதாயிற்று.

வெளிநாட்டு முதலீட்டாளர் ஏன் ஓடுகிறார்? கணக்கு எளிது. டாலர் 80 ரூபாயாக இருக்கையில் 100 டாலர் கொண்டுவந்தால் 8,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கலாம். டாலர் 90 ஆகிவிட்டால், அவர் போட்ட 100 டாலரைத் திரும்ப எடுக்கவே பங்கு 9,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். எட்டில் ஒரு பங்கு ஏறினால்தான் அவருக்கு முதல் மிஞ்சும். ஆகவே ரூபாய் சரியும் என்று மோப்பம் பிடித்த உடனே விற்கிறார். விற்ற ரூபாயைக் கொடுத்து டாலர் வாங்குகிறார். அதனாலேயே ரூபாய் மேலும் சரிகிறது. பயம் நஷ்டத்தை வளர்க்கிறது, நஷ்டம் பயத்தை வளர்க்கிறது.

2024 அக்டோபர் ஒரே மாதத்தில் இவர்கள் சுமார் 94,000 கோடி ரூபாய்ப் பங்குகளை விற்றார்கள். 2025-லும் ஆண்டுக் கணக்கில் ஒரு லட்சம் கோடிக்கு மேல் விற்றார்கள். ஆயினும் சென்செக்ஸ் 2025-ல் சரிந்துவிடவில்லை. ஏன்? அவர்கள் விற்றதை உள்நாட்டுச் சேமிப்பு வாங்கிக்கொண்டது. மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு மாதத் தவணையாக வரும் பணம் மட்டும் 2024 அக்டோபரில் 25,000 கோடியைத் தாண்டியது. டாலரோடு வெளியேறுபவருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது இந்நாட்டின் மாதச் சம்பளக்காரர்.

இதே 2025-ல் "ரூபாய் விழுந்தால் ஐ.டி. பங்கு ஏறும்" என்ற மந்திரமும் பொய்த்தது. ரூபாய் விழுந்தது; ஐ.டி. பங்குகளும் விழுந்தன. அமெரிக்க ஆர்டர் மந்தமாயிற்று, இயந்திர மூளையைப் பற்றிய அச்சம் பரவியது. ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கின் மீது 50 சதவீத வரி போட்டதும், சரிந்த ரூபாய் தந்திருக்க வேண்டிய ஆதாயத்தைத் திருப்பூர் காணவில்லை. பங்கு விலையை ஆட்டும் கயிறுகளில் நாணய மதிப்பு ஒரு கயிறு மட்டுமே.

தங்கவயலின் கணக்கு

பங்கு வேண்டாம், நமக்குத் தங்கம் இருக்கிறது என்பார்கள் நம் தாய்மார்கள். நியாயம்தான். ஆனால் தங்கத்தின் கதையை வைட்ஃபீல்டில் இறங்கும் ஒரு கூட்டத்தாரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருப்பேட்டையிலிருந்தும் விடியற்காலை ரயில் பிடித்து வருகிற கோலார் தங்கவயல் குடும்பங்களைச் சொல்கிறோம்.

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் போன நம் பாட்டன்மார் 1880-களிலிருந்து அந்தச் சுரங்கங்களில் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். நூறு ஆண்டுகளுக்கு மேல் தோண்டி, சுமார் 800 டன் தங்கத்தை வெளியே கொண்டுவந்தார்கள். வெட்டுகிற செலவு விற்கிற விலையைவிட அதிகம் என்று சொல்லி 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள்.

அந்த நேரத்தில் உலக மார்க்கெட்டில் ஓர் அவுன்ஸ் தங்கம் சுமார் 270 டாலர். அது டாலர் வலுத்து நின்ற காலம். டாலர் வலுத்தால் தங்கம் சோர்வதும், டாலர் மீது நம்பிக்கை தளர்ந்தால் தங்கம் எழுவதும் மார்க்கெட்டின் பொது வழக்கம். 2025 அக்டோபரில் அதே அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. டாலர் கணக்கில் இது சுமார் 15 மடங்கு. ஆனால் 2001-ல் 46 ரூபாயாக இருந்த டாலர் 2025 அக்டோபரில் 88 ரூபாயாகி விட்டதால், ரூபாய்க் கணக்கில் சுமார் 28 மடங்கு. தங்கம் ஏறியது பாதிக் கதை. ரூபாய் இறங்கியது மறுபாதி.

இந்த ஏற்றத்தில் தங்கவயல் தொழிலாளிக்கு என்ன பங்கு கிடைத்தது? ஒன்றுமில்லை. விலை தாழ்ந்த நாளில் நஷ்டம் அவன் தலையில் விழுந்தது. விலை உயர்ந்த நாளில் லாபம் வாங்க அவன் அங்கே இல்லை. நிலுவைக்காக நீதிமன்றப் படிகள் ஏறினான். அவனுடைய பிள்ளைகள் இன்று வைட்ஃபீல்டில் மாப்பும் வாளியும் பிடிக்கிறார்கள். மகளுக்கு ஒரு சவரன் வாங்க மூன்று மாதச் சம்பளம் போனாலும் போதாமல், உள்ள நகையை அடகுக் கடையில் வைக்கிறார்கள். தாத்தா வெட்டிய தங்கத்தைப் பேத்தி வாங்க முடியாத நிலை என்பது விதியின் விளையாட்டு அல்ல. நாணயத்தின் ஏற்ற இறக்கத்தில் யார் பணயம், யார் ஆட்டக்காரர் என்பதன் விளைவு.

அரசுக்கும் இதே அனுபவம் உண்டு. 1991-ல் அந்நியச் செலாவணி வற்றியபோது ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் ஈடு வைத்தது. ஜூலை 1-லும் 3-லும் இருமுறை ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அதற்கு முன் 1966 ஜூன் 6-ல் டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்ததை 7.50 ஆக்கினார்கள், தன்னைக் கலக்காமல் செய்ததற்காகக் காங்கிரஸ் தலைவராயிருந்த காமராஜரே கோபம் கொண்டார். வாக்குறுதி ஒவ்வொரு முறையும் ஒன்றுதான்: ஏற்றுமதி பெருகும், எல்லாரும் வாழ்வார்கள். அரசுக்கு ஈடு வைத்த தங்கத்தை மீட்க வழி இருந்தது. நம் வீட்டுத் தாலிக்கு அடகுக் கடை ஏலம்தான் இருந்தது.

பந்தயக்காரர்களின் வலை

இவ்வளவும் பார்த்த பின், சீட்டுப் பணத்தை எடுத்து டாலர் மேல் கட்டச் சொல்லும் தம்பிமாரை என்னென்பது? கம்பெனி முதலாளிகளே இந்த வலையில் சிக்கியதைத் திருப்பூரும் கோவையும் கண்டிருக்கின்றன. 2007-ல் ரூபாய் வலுத்தபோது, நஷ்டத்தை ஈடுகட்டலாம் என்று சொல்லி வங்கிகள் அவர்களுக்கு டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களை விற்றன. டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும், டாலருக்கும் யென்னுக்கும் உள்ள விகிதத்தின் மீது பந்தயம். பனியனுக்கும் சுவிஸ் பிராங்குக்கும் என்ன உறவு? 2008 மார்ச்சில் டாலர் ஒரு பிராங்குக்கும் கீழே, 100 யென்னுக்கும் கீழே விழுந்தது. கோடிக்கணக்கில் கடன் முளைத்தது. கோவை ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் கம்பெனி ஆக்சிஸ் வங்கி மீது தொடுத்த வழக்கில், இத்தகைய ஒப்பந்தம் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2008 அக்டோபரில் தீர்ப்பளித்தது. டெரிவேட்டிவ் விதிகளை மீறியதற்காக ரிசர்வ் வங்கி 2011-ல் 19 வங்கிகளுக்கு அபராதம் போட்டது. அபராதம் லட்சங்களில், நஷ்டம் கோடிகளில்.

வக்கீலும் ஆடிட்டரும் வைத்திருந்தவர்களுக்கே இக்கதி. நமக்கு? ஃப்யூச்சர், ஆப்ஷன் என்ற பங்குப் பந்தயத்தில் 2021-22 முதல் 2023-24 வரை ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள் என்று கணக்கிட்டுச் சொன்னது செபி என்ற அரசு அமைப்பே. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இவர்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குக் கீழ் என்று காட்டியவர்கள். எதிர்ப்பக்கம் ஜெயித்தவர் யார்? 2023-24-ல் சொந்தப் பணத்தில் ஆடும் பெரிய கம்பெனிகள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் அள்ளினார்கள். பெரும்பகுதி கம்ப்யூட்டர் தானாகவே நடத்திய வியாபாரத்தில். 2024-25-லும் 91 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள்.

டாலர் பந்தயத்துக்கு வருவோம். உண்மையான அந்நியச் செலாவணித் தேவை இல்லாதவர் எக்ஸ்சேஞ்சிலேயே நாணயப் பந்தயம் கட்டக் கூடாது என்ற விதி 2024 மே 3 முதல் நடைமுறைக்கு வந்தது. அனுமதியில்லாத வெளிநாட்டுச் செயலிகளின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 முதல் வெளியிடுகிறது. அப்பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு செயலி யோக்கியம் ஆகிவிடாது. அவற்றின் மூலம் பணம் அனுப்புவது சட்டத்துக்கும் புறம்பு; ஏமாந்தபின் போலீசுக்குப் போனால் முதல் கேள்வி நம்மைத்தான் கேட்பார்கள்.

வளைகுடாவில் அண்ணன் தம்பி உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்ட நாணயம். ஆகவே ரூபாய் இறங்கினால் அவர்கள் அனுப்பும் பணம் ரூபாயில் கூடித் தெரியும். அது உண்மை. ஆனால் அதே பணத்தில் வாங்கும் எண்ணெயும் தங்கமும் கூடவே ஏறிவிடும். கூடுதலாக வருவதை விலை ஏறுமுன் கடன் அடைக்கப் பயன்படுத்துவதே புத்தி.

நம் பணமும் அங்கேதான் இருக்கிறது

நாம் பங்கு மார்க்கெட் பக்கமே போவதில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. பிராவிடண்ட் ஃபண்டு நிறுவனம் 2015 ஆகஸ்டு முதல் புதிதாக வரும் பணத்தில் 5 சதவீதத்தைப் பங்கு மார்க்கெட்டில் போடத் தொடங்கியது; பின்னர் 10 ஆக்கி, 2017-ல் 15 ஆக்கியது. 2004 ஜனவரி 1-க்குப் பின் சேர்ந்த எங்களைப் போன்ற ரயில்வே ஊழியரின் பென்ஷன் பணமும் பங்குகளோடு பிணைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் மாற்றுத் திட்டம் ஒன்று வந்தாலும், பழைய பென்ஷன் திரும்பவில்லை.

ஆக, துப்புரவுத் தொழிலாளியின் பி.எஃப். பணமும் அவள் கூட்டும் கம்பெனியின் பங்கில் ஒரு துளியாக இருக்கிறது. முதல் அவளுடையது. கூலி பேசும் மேஜையில் மட்டும் அவளுக்கு நாற்காலி கிடையாது. அந்தப் பி.எஃப். பணத்தையும் பிடித்துக்கொண்டு கட்டாமல் விடும் காண்டிராக்டர்கள் உண்டு. பங்கு ஏறியதா இறங்கியதா என்று பார்ப்பதற்கு முன், நம் கணக்கில் பணம் ஏறியதா என்று மாதந்தோறும் பாருங்கள்.

கேட்க வேண்டியது பஞ்சப்படி

ரூபாய் வலுக்க வேண்டும் என்றோ சரிய வேண்டும் என்றோ நாம் கோஷம் போடவில்லை. இரண்டிலும் முதலாளிக்கு ஓர் ஒதுங்கிடம் உண்டு. இரண்டிலும் தொழிலாளி மழையில் நிற்கிறான். அவனுக்குரிய ஒரே ஒதுங்கிடம் விலைவாசியோடு சேர்ந்து உயரும் கூலி. அதன் பெயர் பஞ்சப்படி.

பஞ்சப்படி யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. 1974 மே 8 முதல் 27 வரை ரயில்வே தொழிலாளர்கள் நடத்திய மாபெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் அதுவும் ஒன்று. அதற்காகச் சிறை சென்றவர்களும் வேலை இழந்தவர்களும் ஆயிரக்கணக்கானோர். இன்று மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை பஞ்சப்படி திருத்தப்படுகிறது. வைட்ஃபீல்டின் காண்டிராக்ட் தொழிலாளிக்கு ஆண்டுக்கு ஒரு முறை. அதையும் காண்டிராக்டர் கொடுத்தால்தான் உண்டு. இருவரும் வாங்கும் பாமாயில் பாக்கெட்டுக்கு ஒரே விலைதானே?

ஆகவே நமது கோரிக்கைகள்:

1. குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படி ஆண்டுக்கு ஒரு முறை என்பது போதாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை திருத்த வேண்டும்.

2. டாலரில் பில் போடும் கம்பெனிகள், காண்டிராக்டரோடு செய்யும் ஒப்பந்தத்தில் பஞ்சப்படி உயர்வைத் தாமே ஏற்கும் ஷரத்தைச் சேர்க்க வேண்டும். காண்டிராக்டர் கூலி கொடுக்காவிட்டால் வேலை வாங்கும் கம்பெனியே கொடுக்க வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. புதிய சட்டத் தொகுப்புகளிலும் அது உண்டு. அதை நடைமுறைப்படுத்த வேண்டும்.

3. பி.எஃப். கட்டாத காண்டிராக்டருக்கு டெண்டர் கொடுக்கக் கூடாது.

4. தொழிலாளியின் ஓய்வூதியப் பணத்தைப் பங்கு மார்க்கெட்டில் போடுவதானால், நஷ்டத்தை அரசு ஏற்கும் என்ற சட்டபூர்வமான உத்தரவாதம் வேண்டும்.

கூலி உயர்ந்தால் கம்பெனி ஓடிவிடும் என்று மிரட்டுவார்கள். டாலர் 39 ரூபாயாக இருந்தபோதும் வைட்ஃபீல்டில் கட்டிடம் எழுந்தது. 90 ஆனபோதும் எழுகிறது. ஒரு டாலருக்குக் கூடுதலாகக் கிடைத்த அம்பது ரூபாயில் பின்வாசலுக்கு வந்தது எத்தனை பைசா என்று அவர்கள் கணக்குக் காட்டட்டும், பிறகு பேசுவோம்.

இன்னொரு மிரட்டலும் வரும்: நீ இல்லாவிட்டால் பீகாரி வருவான், ஒடியாக்காரன் வருவான் என்பார்கள். அவனுக்கும் கூலி ரூபாயில்தான். ராய்ச்சூரிலிருந்தும் கலபுரகியிலிருந்தும் கட்டிட வேலைக்கு வந்த கன்னடத் தொழிலாளிக்கும் ரூபாயில்தான். மொழி வேறானாலும் வயிற்றுக்கு ஒரே விலைப்பட்டியல். அவர்களையும் சேர்த்துக்கொள்ளாத கோரிக்கை வாசலைத் தாண்டாது.

கூலிச் சீட்டையும் பி.எஃப். கணக்கையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வாருங்கள். பஞ்சப்படி சேர்ந்திருக்கிறதா, விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். விட்டுப்போனவற்றையெல்லாம் ஒரே மனுவாக்கி, தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு எல்லாரும் சேர்ந்தே போவோம்.